தபலாக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "ரவிசங்கர் கடைசியாக ஓபரா ஒன்றில் மூழ்கியிருந்தார்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் மீதி நாலு பக்கம் எழுதியது வீண் என்று தோன்றுகிறது. அதனால் இந்த மாதம் ஓபரா மட்டும். ஹார்மோனியத்தில் பூச்சி அரித்தால் என்ன செய்வது என்று கேட்டவர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதார் ரவிசங்கரா ஓபரா எழுதினார்? ஓபரா என்றால் கண்ணாடி உடைகிற மாதிரிப் பாடுவார்களே, அதுதானே? – வாசகி, ஸ்ரீரங்கம்

அதே ரவிசங்கர்தான் அம்மா. ஓபராவும் நீங்கள் நினைக்கிற அதேதான், பாட்டாலேயே கதை சொல்கிற மேடை நாடகம். கண்ணாடி உடைவது மட்டும் பெரும்பாலும் கதை. மைக் இல்லாத காலத்தில் பெரிய அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேரவேண்டும், நடுவில் ஐம்பது அறுபது வாத்தியங்கள் வேறு உட்கார்ந்திருக்கும், அவற்றைத் தாண்டிப் போகத்தான் அந்தக் குரல் பழக்கம். நமக்குக் கத்துவது போலக் கேட்கிறது. அவர்களுக்கு நாம் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருப்பது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஓபராவின் பெயர் ‘சுகன்யா’. மகாபாரதத்து வனபர்வத்தில் வருகிற கதை. சர்யாதி ராஜாவின் மகள் காட்டில் விளையாடப் போகிறாள், ஒரு புற்றுக்குள்ளே இரண்டு பொருள் மினுங்குவதைப் பார்த்து முள்ளால் குத்துகிறாள். அவை தவத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் சியவன முனிவரின் கண்கள். செய்த பாவத்துக்கு அவரையே கல்யாணம் செய்துகொள்கிறாள். அப்புறம் அசுவினி தேவர்கள் அவளைப் பார்த்து மயங்கி, உன் புருஷனை இளைஞனாக்கித் தருகிறோம், ஆனால் மூன்று பேரும் ஒரே மாதிரி இருப்போம், நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்கிறார்கள். அவள் சரியாகப் புருஷனைக் கண்டுபிடித்துவிடுகிறாள். மழைக்காலத்தில் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கிறீர்களே சியவனப்பிராசம், அதில் இருக்கிற சியவனர் இவர்தான்.

ரவிசங்கரின் மனைவி பெயரும் சுகன்யா. தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கிழவர், இளம் மனைவி என்று கதையில் வருவதைப் பார்த்தால் ரவிசங்கர் தன்னைக் கொஞ்சம் கிண்டல் செய்துகொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. கதை வசனத்தை எழுதியவர் நாவலாசிரியர் அமித் சௌதுரி. அவர் இந்துஸ்தானி பாடகரும்கூட. இசையை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏற்ற மாதிரி எழுத்தில் கொண்டுவந்தவர் டேவிட் மர்ஃபி. கையசைத்து ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டர், ரவிசங்கரிடமே சிஷ்யராக இருந்தவர். 2012 டிசம்பரில் ரவிசங்கர் 92 வயதில் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக்கொண்டு மர்ஃபி முடித்தார். மனைவியும் மகள் அனுஷ்காவும் கூட நின்றார்கள். 2017 மே மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக் கர்வ் அரங்கில் முதல்முறை மேடையேறியது, பிறகு லண்டனுக்குப் போனது. லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு சிதார், ஷெனாய், தபலா, மிருதங்கம் எல்லாம் ஒரே மேடையில்.

நான் ஏழு வருஷமாக மிருதங்கம் கற்கிறேன். கலப்பிசை என்றாலே எங்கள் வாத்தியார் "சாம்பாரில் ஐஸ்க்ரீம்" என்பார். எழுதி வைத்ததைப் பார்த்து வாசிக்கிற அறுபது பேரும், எதையும் எழுதாமல் வாசிக்கிற நாலு பேரும் ஒரே மேடையில் எப்படிச் சேர முடியும்? – வாசகர், தஞ்சாவூர்

தம்பி, உங்கள் வாத்தியார் பாதி சரி. சாம்பாரில் ஐஸ்க்ரீம் நிறைய நடந்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. ராகம் ஒட்டுமா, சேலை கட்டிக்கொண்டு ஓபராக்காரிகளின் உச்சக் குரலில், அதாவது சோப்ரானோவில், பாடலாமா என்பதெல்லாம் அப்புறம்.

1960களின் நடுவில் பாரிஸில் நடந்ததைச் சொல்கிறேன். பிலிப் கிளாஸ் என்ற அமெரிக்க இளைஞர் அங்கே நாதியா புலான்ஜே அம்மையாரிடம் மேற்கத்திய இசையைப் பழைய முறைப்படி படித்துக்கொண்டிருக்கிறார். கைச்செலவுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. ரவிசங்கர் ஒரு படத்துக்கு இசையமைக்க வந்திருக்கிறார். அவர் பாடிக் காட்டுவதை எல்லாம் பிரெஞ்சு வாத்தியக்காரர்கள் வாசிக்கிற மாதிரி ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது மேற்கத்திய ஐந்து கோட்டு இசைக்குறிப்பில், எழுதித்தர வேண்டும். கிளாஸ் எழுதுகிறார், அவர்கள் வாசிக்கிறார்கள், பக்கத்தில் தபலாவோடு உட்கார்ந்திருந்த அல்லா ரக்கா சரியில்லை என்கிறார். கிளாஸ் பார் கோடுகளை, அதாவது தாளத்தைச் சம அளவாக வெட்டிக் காட்டுகிற நெட்டுக் கோடுகளை, இடம் மாற்றி எழுதுகிறார். அப்போதும் சரியில்லை. எல்லா ஸ்வரமும் சமம், எல்லா ஸ்வரமும் சமம் என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறாராம் அல்லா ரக்கா. ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் கிளாஸ் வெறுத்துப்போய்ப் பார் கோடுகளை மொத்தமாக அழித்துவிட்டுப் பார்த்தால், கண் முன்னால் இரண்டும் மூன்றுமாகக் கூட்டிக் கூட்டிப் போகிற ஸ்வரக் கொத்துகள்.

இதில் என்ன பிரச்சினை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் மற்ற வாசகர்களுக்காக. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. இதை நாலு நாலாக வெட்டிக் கோடு போட்டால் ‘தகிடத’ ஒரு பக்கம், ‘கிடதக’ இன்னொரு பக்கம் என்று விழும். மேற்கத்திய முறையில் பழகிய கைக்குக் கோட்டை அடுத்து வரும் ஸ்வரத்தைக் கொஞ்சம் அழுத்துவது இயல்பு, யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்போது அழுத்தம் எங்கே விழுகிறது? ‘கி’ மேல். தகிடத கிடதக. உங்கள் வாத்தியார் கேட்டால் குச்சியை எடுப்பார். ஒரு ஸ்வரமும் தப்பில்லை, காலப்பிரமாணமும் தப்பில்லை, வாசித்தவர்கள் எல்லோரும் நல்ல வித்வான்கள். காகிதத்தில் நிமிர்ந்து நின்ற ஒரு கோடு அத்தனையையும் கெடுத்துவிட்டது.

அன்றைக்கு அழித்த கோடுதான் கிளாஸின் பிற்கால இசை. சின்னச் சின்னக் கொத்துகளைக் கூட்டியும் குறைத்தும் திரும்பத் திரும்ப வாசிக்கிற அந்த முறை, அவரே எழுதியிருக்கிறபடி, அந்த பாரிஸ் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. பதினைந்து வருஷம் கழித்துக் காந்தி மேல் ஓபரா எழுதினார். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எழுத்து பிரச்சினை என்றால் எழுத்தையே மாற்றிக்கொள்ளலாம் என்று யோசித்த ஒருவரும் உண்டு. இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன். 1956இல் தோக்கியோவில் ‘சுமிதகாவா’ என்ற நாடகத்தைப் பார்த்தார், ‘நோ’ என்கிற ஜப்பானின் பழைய நாடக வகை. பிள்ளையைத் தொலைத்த தாய் பைத்தியமாக அலைந்து ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறாள், ஓடக்காரன் அக்கரையில் இருக்கும் ஒரு சமாதியின் கதையைச் சொல்கிறான், அது அவள் பிள்ளையின் சமாதி. ஆண்களே எல்லா வேஷமும் கட்டுகிற, மிக மெதுவாக நகர்கிற நாடகம். எட்டு வருஷம் அது அவர் மனசில் ஊறிக்கிடந்தது, 1964இல் ‘கர்லியூ ரிவர்’ என்று ஒரு சின்ன ஓபராவாக இங்கிலாந்தில் ஆர்ஃபர்ட் கிராமத்து மாதா கோயிலில் மேடையேறியது. கண்டக்டர் கிடையாது. யாரும் கை அசைக்காமல் பாட்டுக்காரர்களும் வாத்தியக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே போகவேண்டும், நம் கச்சேரி மாதிரி. அதற்காக பிரிட்டன் ஒரு புதுக் குறியே உண்டாக்கினார், கர்லியூ குறி என்று பெயர். ஸ்வரத்துக்கு மேலே அந்தக் குறி இருந்தால், மற்றவர் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்து சேரும்வரை நீ பிடித்துக்கொண்டு காத்திரு என்று அர்த்தம். காத்திருப்பதை எழுத்தில் கொண்டுவந்த ஒரு குறி. பல்லவிக்காரர் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுகிற நிரவலிலிருந்து எப்போது திரும்புவார் என்று நீங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பீர்களே, அதைக் காகிதத்தில் வைத்துவிட்டார்.

இந்தக் குறி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. இருபது வருஷம் இருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நால்வர் வயலின் குழுவும் இங்கே ஒரு வீணை வித்வானும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி. நான் பக்கம் திருப்பிக் கொடுக்கிற ஆள். வித்வானுக்கு அன்றைக்கு மனசு நன்றாக இருந்தது, இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, என்று பேசி வைத்திருந்த இடத்தில் ஐந்து வாசித்துவிட்டார், பிரமாதமாக. நால்வரும் இரண்டு ஆவர்த்தனத்திலேயே பக்கத்தைத் தாண்டிப் போய், தங்கள் பங்கை முடித்து, வில்லை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும், திருப்ப வேறு பக்கம் இல்லாமல் முதல் பக்கத்துக்கே திரும்பி வந்ததும் இன்றைக்கும் கனவில் வருகிறது. கை தட்டினார்கள், அது வேறு விஷயம். சபையில் எல்லோரும் அதுதான் புது முறை போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

‘சுகன்யா’வுக்கு வருவோம். மர்ஃபி ரவிசங்கரிடம் உட்கார்ந்து கற்றவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரவிசங்கர் பாடிக் காட்டுவதை அவர் எழுதினார் என்று சொன்னால் குமாஸ்தா வேலை போல இருக்கும். எந்த இடத்தில் எழுதக்கூடாது, எந்த இடத்தில் கோடு வேண்டாம், எந்த இடத்தை ஷெனாய்க்காரர் கையில் விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தவர் எழுதினால்தான் அது உருப்படும். பாரிஸில் கிளாஸுக்கு மூச்சு முட்டியதற்குக் காரணம் அவருக்கு அதற்கு முன்னால் தாளம் போடவே தெரியாது என்பதுதான். இந்த ஓபராவில் தாளத்தை வாயால் சொல்கிற கொன்னக்கோலும் உண்டு. நீங்கள் ஏழு வருஷமாகச் சொல்கிற அதே சொற்கட்டு, மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா நடுவில்.

ஒட்டாத இடமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஓபராவில் நாயகி மனசு மாறினால் சுருதியும் மாறும், அவர்களுக்கு அதுதான் நாடகம். நமக்குத் தம்பூரா மாறினால் கச்சேரி நின்றுபோச்சு. அவர்கள் குரலில் எல்லா ஸ்வரத்திலும் ஒரே மாதிரி ஒரு நடுக்கம் இருக்கும், அதை வைத்துக்கொண்டு தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பாடிப் பார்த்துக்கொள்ளுங்கள். ராகத்துக்கு அடியில் ஒரே நேரத்தில் ஒலிக்கிற ஸ்வரக் கூட்டத்தை, அவர்கள் ‘கார்ட்’ என்பதை, வைத்தால் ராகம் மெழுகி விட்ட கோலம் மாதிரி ஆகிவிடுகிறது. ‘சுகன்யா’வில் எனக்குப் பிடித்த இடங்கள் எல்லாம் தாளம் தூக்கிக்கொண்டு போகிற இடங்கள், இரண்டு பேரும் நின்று நிதானமாகக் காதல் பாடுகிற இடத்தில் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வாத்தியாரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

காந்தியைப் பற்றி அமெரிக்கர் எழுதிய ஓபரா சமஸ்கிருதத்தில் இருக்கிறதாமே? காந்தி குஜராத்திக்காரர், கதை தென்னாப்பிரிக்காவில், பார்ப்பவன் ஐரோப்பியன். யாருக்கும் புரியாத மொழியில் எதற்கு? – ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

‘சத்தியாகிரகா’ ஐயா. மேலே சொன்ன பிலிப் கிளாஸ் எழுதியது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரம் கேட்டு எழுதியது, 1980 செப்டம்பரில் அங்கேயே அரங்கேற்றம். அதற்குச் சில வருஷம் முன்புவரை மனிதர் நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்.

நீங்கள் சொல்கிற மாதிரி மொழி வெறும் விநோதத்துக்கு வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதில் பாடுகிற வரி எல்லாம் பகவத்கீதை. கான்ஸ்டன்ஸ் டிஜாங் என்ற எழுத்தாளர் பொறுக்கி அடுக்கித் தந்தார். மேடையில் நடப்பதோ 1897 ஜனவரியில் டர்பனில் இறங்கிய காந்தியைக் கும்பல் அடித்தது, டால்ஸ்டாய் பண்ணை, ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை, 1908இல் பதிவுச் சான்றிதழ்களை எரித்தது, 1913இன் நியூகாசில் ஊர்வலம். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறு. அடி வாங்குகிறவர் ஐயோ என்று பாடுவதில்லை. காந்தி நாள் தவறாமல் படித்த புத்தகம் அவர் தலைக்குள்ளே ஓடிக்கொண்டிருப்பதை நாம் கேட்கிறோம், வெளியே நடப்பதைப் பார்க்கிறோம். வசனம் பேச வைத்திருந்தால் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகமாகியிருக்கும்.

யாருக்கும் புரியாத மொழி என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. ரோட்டர்டாமில் உட்கார்ந்திருந்தவருக்கு அது வெறும் ஒலி. ஆனால் கடைசியில் காந்தி பாடுகிறபோது, நான்காம் அத்தியாயத்தில் எனக்கும் உனக்கும் பல பிறவிகள் கழிந்தன அர்ச்சுனா என்று கிருஷ்ணன் சொல்கிற இடம், கீதை பாராயணம் கேட்டு வளர்ந்த ஒருவருக்குத் தூக்கிவாரிப்போடும். மொழி புரியாமல் உட்கார்ந்திருப்பது நமக்கும் பழக்கம்தானே ஐயா. தஞ்சாவூர்ப் பக்கத்தில் மெலட்டூர் பாகவத மேளாவில் வருஷா வருஷம் நடப்பது தெலுங்கு நாடகம், பார்க்கிற ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இரணியன் தூணை உதைக்கிற நேரத்தில் யாரும் அகராதி கேட்பதில்லை.

இன்னொன்று. பாத்திரங்களில் ஒருவர் மிஸஸ் நாயுடு. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் காந்தியோடு நின்றவர்களில் தமிழர்கள் ஏராளம் என்பது நீங்கள் பாடம் நடத்திய விஷயம், அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய் 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஓபராவில் வள்ளியம்மை இல்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

கலாசாரக் கூட்டுமுயற்சி என்கிறீர்கள். கதை இங்கிருந்து, ராகம் இங்கிருந்து, பணமும் அரங்கமும் அங்கிருந்து, பெயர் யாருக்கு? – வாசகர், கோயம்புத்தூர்

நியாயமான கோபம். மேலே சொன்ன பெஞ்சமின் பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் மேலே அவரைப் புகழ்ந்தேன், கர்லியூ குறிக்காக இன்னொரு தரமும் புகழ்வேன், ஆனால் அது கூட்டுமுயற்சி இல்லை. ஜப்பானியக் கலைஞர் ஒருவரும் அதில் உட்கார்ந்து வேலை செய்யவில்லை. நோ நாடகத்தில் விடிந்ததும் பிள்ளையின் ஆவி மறைந்துபோகும், தாய்க்கு மிஞ்சுவது புல் முளைத்த மண்மேடு. பிரிட்டன் கதையைக் கிறிஸ்தவக் கதையாக்கி, பிள்ளையின் ஆவி தாய்க்கு ஆறுதல் சொல்ல, அவளுக்குப் புத்தி தெளிவதாக முடித்தார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மண்மேடு போச்சு.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ‘பிந்து வெரே’ என்று ஒரு ஓபரா, சாகேல் ஓபரா என்று சொல்வார்கள், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடுகள் சேர்ந்தது. இசை கினி-பிசாவு நாட்டைச் சேர்ந்த ஸே மானெல் ஃபோர்ட்ஸ், எழுத்து செனகலின் வாசிஸ் தியோப்பும் சாடு நாட்டின் கூல்சி லாம்கோவும், நடனம் ஜெர்மேன் அகோனி. பணத்தில் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளவுஸ் நிதியத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் 2007 பிப்ரவரியில் முதலில் மேடையேறியது மாலி நாட்டின் பமாகோவில். அதற்கு அப்புறம்தான் ஆம்ஸ்டர்டாம், பாரிஸ். கதை, குழந்தைச் சிப்பாயாக இருந்த ஒரு பெண் வயிற்றில் பிள்ளையோடு ஆப்பிரிக்கக் கரையிலேயே ஸ்பெயின் வைத்திருக்கிற மெலில்லா ஊரின் வேலியைத் தாண்டி ஐரோப்பாவுக்குள் போகப் பார்ப்பது. ஐரோப்பியப் பணத்தில் ஐரோப்பாவின் வேலியைப் பற்றி ஓபரா. பெயர் யாருக்கு என்று கேட்டீர்களே, அங்கே போஸ்டரில் அவர்கள் பெயர்தான்.

சரி, தமிழில் ஓபரா வருமா? – வாசகி, மதுரை

மேடையில் பாட்டாலேயே கதை சொல்வது நமக்குப் புதுசு இல்லை, நந்தன் கதையைப் பாட்டாகவே கேட்டு அழுதவர்கள் நாம். அதில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவை வைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒரு கணக்கு மட்டும் பாருங்கள்: அறுபது வாத்தியக்காரர்களுக்கு மூன்று வாரம் ஒத்திகைச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம். இங்கே சபாக்களில் பக்கவாத்தியத்துக்கு ஆட்டோ காசு கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள்.

இதையெல்லாம் எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது? பொறுமை எனக்குக் குறைவு. – வாசகர், புதுச்சேரி

‘சுகன்யா’வை லண்டன் பில்ஹார்மோனிக் தன் சொந்த லேபிளில் வெளியிட்டிருக்கிறது. கதை தெரிந்துவிட்டது, தைரியமாகப் போடலாம். ‘சத்தியாகிரகா’வை மட்டும் கடைசியிலிருந்து கேளுங்கள். மூன்றாம் அங்கத்தின் முடிவில் காந்தி தனியாக நின்று பாடுகிறார், எட்டே ஸ்வரம், படி ஏறுகிற மாதிரி கீழிருந்து மேலே. வேறு ஒன்றுமே இல்லை. அதையே முப்பது தடவை பாடுகிறார். நம் காதுக்கு அது தோடிக்குப் பக்கத்து வீட்டு ஆரோகணம் போலக் கேட்கும், கமகம் மட்டும் துளிகூட இருக்காது. ஐந்தாவது தடவையில் உங்களுக்குக் கோபம் வரும், செல்போனை எடுப்பீர்கள். எடுக்காமல் பன்னிரண்டாவது தடவை வரைக்கும் இருந்துவிட்டீர்கள் என்றால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.